கிரானைட் ஸ்லாப்பில் 186 கேஈவி முகடு: காமா அறிக்கையை எப்படி வாசிப்பது?

பர்கூர்க் கல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரிக்கும் பர்கூருக்கும் இடையில் சிறிய கிரானைட் பாலீஷ் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். ஊதாவும் இளஞ்சிவப்பும் வரிவரியாக ஓடும், வணிகத்தில் பாரடைசோ என்று அழைக்கப்படும் கல்லையும், டோலரைட் எனப்படும் கறுப்புக் கல்லையும் ஸ்லாப்பாக அறுத்து அனுப்புகிறோம். ஐரோப்பாவில் இருந்து வாங்குபவர் ஒருவர் இம்முறை கதிரியக்க அறிக்கை வேண்டும் என்று கேட்டார். தனியார் ஆய்வகம் ஒன்றில் இளஞ்சிவப்பு ஸ்லாப்பின் துண்டைக் கொடுத்தேன். மறுநாளே ஒரு பக்க அறிக்கை வந்துவிட்டது. அதில் சோடியம் அயோடைடு உணரி, 30 நிமிட அளவீடு, 186 கேஈவி (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலில் முகடு, ரேடியம்-226 கிலோவுக்கு 210 பெக்கரல் (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்), "யுரேனியம் இருப்பது உறுதி" என்று இருக்கிறது. தோரியத்தைப் பற்றியோ பொட்டாசியத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை.

இதற்கு முன்பே தெரிந்தவர் ஒருவர் சட்டைப்பையில் வைக்கும் கைகர் கருவியைக் கொண்டுவந்து காட்டினார். கறுப்புக் கல்லின் மேல் மணிக்கு 0.11 மைக்ரோசீவர்ட் (உடலில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), இளஞ்சிவப்புக் கல்லின் மேல் 0.21. அன்றிலிருந்து கட்டிங் மெஷினில் நிற்கும் பையன்கள் அந்தக் கல்லைத் தொடவே தயங்குகிறார்கள். கல்லில் யுரேனியம் உண்மையிலேயே இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு, அதை ஐயத்துக்கு இடமில்லாமல் எப்படிக் கண்டறிவது என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும். நான் படித்தது வணிகவியல். ஆனாலும் சுருக்காமல் சொல்லுங்கள், புரிந்துகொள்கிறேன்.

தகடூர் இயற்பியல்

வணக்கம் ஐயா. தருமபுரியில் கல்லூரி மாணவர்களுக்கு அணு இயற்பியல் நடத்துகிறேன். முதலில் அந்தச் சட்டைப்பைக் கருவியை ஒதுக்கி வைத்துவிடலாம். கைகர் குழாய்க்குள் நுழையும் கதிரின் ஆற்றல் 100 கேஈவியாக இருந்தாலும் 2,000 கேஈவியாக இருந்தாலும் அது தரும் மின்துடிப்பு ஒரே அளவுதான். சந்தைக்கு வெளியே நின்று இரைச்சலைக் கேட்பவர் கூட்டம் பெரிது என்று சொல்லலாம், உள்ளே யார் என்ன விற்கிறார் என்று சொல்ல முடியாது. கைகர் கருவியின் நிலையும் அதுதான். கறுப்புக் கல்லை விட இளஞ்சிவப்புக் கல் கூடுதலாகக் காட்டியதில் வியப்பும் இல்லை. இளஞ்சிவப்புக் கல்லில் பொட்டாஷ் ஃபெல்ஸ்பார் மிகுதி. டோலரைட்டில் பொட்டாசியம் மிகக் குறைவு. இயற்கைப் பொட்டாசியத்தில் பத்தாயிரத்துக்கு ஏறத்தாழ 1.17 பங்கு பொட்டாசியம்-40. அதன் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், சுமார் 125 கோடி ஆண்டுகள். ஒரு கிராம் பொட்டாசியத்தில் நொடிக்கு ஏறக்குறைய 31 அணுக்கள் சிதைகின்றன. நம் மாவட்டத்து மாந்தோப்புகளில் வெறுங்கையால் அள்ளி இடும் பொட்டாஷ் உரத்தில் கிலோவுக்குச் சுமார் 15,000 பெக்கரல் இருக்கிறது என்பதை உங்கள் பையன்களிடம் சொல்லிப் பாருங்கள்.

எந்தத் தனிமம் என்று கண்டறிய, வரும் ஒவ்வொரு காமாக் கதிரின் ஆற்றலையும் தனித்தனியாக அளக்க வேண்டும். 1948-இல் ராபர்ட் ஹோஃப்ஸ்டாட்டர், சிறிது தாலியம் சேர்த்த சோடியம் அயோடைடு படிகம் இதற்கு உகந்தது என்று காட்டினார். காமாக் கதிர் படிகத்தில் தன் ஆற்றல் முழுவதையும் விட்டுவிட்டால் அதற்கேற்ற அளவில் ஒளி மின்னுகிறது. அந்த ஒளியை மின்துடிப்பாக மாற்றி, உயரவாரியாகப் பிரித்து எண்ணினால் நிறமாலை கிடைக்கிறது. எல்லாக் கதிர்களும் முழு ஆற்றலையும் விட்டுச் செல்வதில்லை. ஓர் எலக்ட்ரானை இடித்துவிட்டு மிச்ச ஆற்றலோடு வெளியேறும் கதிர்கள் ஏராளம். இதற்குக் காம்ப்டன் சிதறல் என்று பெயர். எனவே நிறமாலையில் ஒவ்வொரு முகட்டுக்கும் இடப்புறம் ஒரு நீண்ட மேடு கிடக்கும். அறிக்கை எழுதுபவர் முகட்டையும் மேட்டையும் பிரித்தறியத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

பாறையில் நாம் தேடுவது மூன்றே வகை. பொட்டாசியம்-40 தனி ஆள், 1,461 கேஈவியில் ஒரே கோடு. யுரேனியமும் தோரியமும் குடும்பத்தோடுதான் வரும்: அவை சிதைந்து பிறக்கும் சேய்களும் வரிசையாகச் சிதைந்துகொண்டே போகும். ரேடியம்-226 யுரேனியம்-238-இன் அத்தகைய ஒரு சேய். யுரேனியம்-238 வரிசையில் ஈயம்-214 தரும் 295, 352 ஆகிய கோடுகளும், பிஸ்மத்-214 தரும் 609, 1,120, 1,764 ஆகிய கோடுகளும் இருக்கும். தோரியம்-232 வரிசையில் ஈயம்-212 தரும் 239, ஆக்டினியம்-228 தரும் 911, தாலியம்-208 தரும் 583, 2,614 இருக்கும். ஒரு குடும்பம் இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் அதன் கோடுகள் எல்லாம் உரிய விகிதத்தில் ஒன்றாகத் தென்பட வேண்டும். உங்கள் அறிக்கை 186-இல் ஒரே ஒரு முகட்டை மட்டும் வைத்துக்கொண்டு "உறுதி" என்கிறது. இயற்பியல் தேர்வில் இப்படி எழுதினால் நான் மதிப்பெண் தரமாட்டேன்.

ஈயக்கோட்டை

காமா நிறமாலை ஆய்வகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவன். மேலே பேராசிரியர் சொன்னதோடு முற்றிலும் உடன்படுகிறேன். அந்த 186 முகட்டைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் இந்த அறிக்கையின் குற்றம் முழுவதும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

ரேடியம்-226 சிதையும்போது 186.2 கேஈவியில் ஒரு காமா வருவது உண்மை. ஆனால் நூறு சிதைவுக்கு மூன்றரை முறைதான் வரும். யுரேனியம்-235 தரும் 185.7 கேஈவி கோடு அதன் மேலேயே வந்து அமர்கிறது. இரண்டுக்கும் இடைவெளி அரை கேஈவி. திரவ நைட்ரஜனால் சுமார் −196 பாகை செல்சியஸுக்குக் குளிர்விக்கப்பட்ட உயர்தூய்மை ஜெர்மானியம் உணரியால்கூட இவற்றைப் பிரிக்க இயலாது. இயற்கை யுரேனியம் தன் சேய்களோடு சமநிலையில் (வரிசையில் உள்ள ஒவ்வொன்றும் நொடிக்கு ஒரே எண்ணிக்கையில் சிதையும் நிலையில்) இருந்தால், அந்த முகட்டில் ஏறத்தாழ 57 விழுக்காடு ரேடியத்துடையது, மிச்சம் யுரேனியம்-235 உடையது என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். முழுவதையும் ரேடியத்தின் பெயரில் எழுதினால் விடை ஏறக்குறைய முக்கால் பங்கு கூடுதலாக வரும்.

சோடியம் அயோடைடில் நிலைமை இன்னும் மோசம். 662 கேஈவியில் அதன் பகுதிறன் (அருகருகே உள்ள ஆற்றல்களைப் பிரித்துக் காட்டும் திறன்) ஏழு விழுக்காடு, அதாவது முகட்டின் அகலம் சுமார் 46 கேஈவி. ஆற்றல் குறையும்போது விழுக்காட்டுக் கணக்கில் பகுதிறன் மேலும் மோசமாகும். 186-ஐச் சுற்றி ஆக்டினியத்தின் 209, ஈயம்-212-இன் 239 எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். இவற்றை விடப் பெரிய தொல்லை பின்சிதறல். காமாக் கதிர்கள் உணரியைச் சுற்றியுள்ள ஈயத்திலும் மேசையிலும் மோதி நேர் பின்னால் திரும்பும்போது அவற்றின் ஆற்றல் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் வந்துவிடும்: பொட்டாசியத்தின் 1,461 திரும்பினால் 217, தாலியத்தின் 2,614 திரும்பினால் 233, பிஸ்மத்தின் 609 திரும்பினால் 180. ஆகவே எந்தக் கிரானைட்டை வைத்தாலும், 180-க்கும் 240-க்கும் இடையே ஒரு மொத்தையான மேடு எழும்பியே தீரும். மென்பொருள் அதற்கு மிக அருகில் உள்ள பெயரைத் தன் நூலகத்தில் தேடி "ரேடியம்-226" என்று ஒட்டிவிடுகிறது. உங்களுக்கு நடந்தது இதுவே என்று கருதுகிறேன்.

இனி, முறையாக எப்படிச் செய்வது என்பது. கல்லைப் பொடியாக்கி, 110 பாகையில் ஈரம் போக உலர்த்தி, சலித்து, எடை அறிந்த அளவை மூடிய கலத்தில் அடைக்க வேண்டும். உணரியைத் தொப்பி போலக் கவிந்துகொள்ளும் மரினெல்லிக் கலம் இதற்கு வழக்கமானது. அடைத்தவுடன் எண்ணக் கூடாது. ரேடியத்துக்கும் பிஸ்மத்துக்கும் நடுவில் ரேடான்-222 என்ற வாயு இருக்கிறது. கல்லைப் பொடித்தபோது அதில் ஒரு பகுதி தப்பிவிடும். அதன் அரை ஆயுள் 3.82 நாள். மூடியைப் பசை வைத்து இறுக்கி, ஏழு அரை ஆயுள், அதாவது நான்கு வாரம் போல வைத்திருந்தால்தான் ரேடானும் அதன் சேய்களும் ரேடியத்தோடு 99 விழுக்காட்டுக்கு மேல் சமநிலைக்கு வரும். அதன் பிறகு 352, 609 கோடுகளை எண்ணி ரேடியத்தைச் சொல்லலாம். 186-ஐத் தொடவே வேண்டியதில்லை. மறுநாளே வந்த அறிக்கையில் இந்தக் காத்திருப்பு நடந்திருக்க வாய்ப்பே இல்லை.

கணக்கு எளிது. முகட்டில் உள்ள நிகர எண்ணிக்கையை, உணரியின் திறன் (வெளிவரும் காமாக்களில் முகட்டில் பதிவாகும் பங்கு), அந்தக் காமா வெளிவரும் விகிதம், நொடிகள், எடை ஆகிய நான்கின் பெருக்கலால் வகுக்க வேண்டும். அரைக் கிலோப் பொடியை 50,000 நொடி எண்ணுகிறோம், 1,461 கேஈவியில் திறன் ஒரு விழுக்காடு, பொட்டாசியம்-40-இல் இந்தக் காமா 10.7 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், முகட்டில் நிகரமாக 32,100 துடிப்புகள் இருந்தால் விடை கிலோவுக்கு 1,200 பெக்கரல். கணக்கு எளிதே தவிர, "நிகர" என்ற சொல்லுக்குள் பாதி வேலை இருக்கிறது. காலிக் கலத்தை வைத்து அதே நேரம் பின்னணியை எண்ணிக் கழிக்க வேண்டும். ஆய்வக அறைக் காற்றில் உள்ள ரேடான் காலைக்கும் மாலைக்கும் மாறுவதால் அந்தப் பின்னணியும் நிலையாக நிற்காது. நைட்ரஜன் குடுவையில் இருந்து ஆவியாகும் வாயுவைக் குழாய் வழியே ஈயக் கவசத்துக்குள் விட்டு, அங்குள்ள காற்றை வெளியேற்றிக்கொண்டே இருப்பது நல்ல ஆய்வகங்களின் பழக்கம். கவசத்தின் உட்புறம் செப்புத் தகடு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஈயமே 72 முதல் 88 கேஈவி வரை எக்ஸ் கதிர் உமிழ்ந்து, குறைந்த ஆற்றல் பகுதியைக் குழப்பும்.

தோரியத்தில் அடிக்கடி நடக்கும் ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். தாலியம்-208 பிறப்பது பிஸ்மத்-212 சிதைவுகளில் நூற்றுக்கு 36 முறைதான். மற்றவை பொலோனியம் வழியாகப் போய்விடும். தாலியத்தின் பெக்கரலை அப்படியே தோரியத்தின் பெக்கரல் என்று எழுதிவிட்டால் விடை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து, கல் உள்ளதை விடச் சாதுவாகத் தெரியும். ஏற்றுமதியாளர்களுக்கு இந்தப் பிழை இனிக்கும். வாங்குபவர் அங்கே மறு அளவீடு செய்யும்போது கசக்கும்.

சாமல்பட்டிப் பாறை

நிலவியல் படித்து, கையில் எடுத்துச் செல்லும் நிறமாலைக் கருவியோடு ஊத்தங்கரைப் பக்கம் அலைந்தவன் என்ற முறையில் ஒன்றிரண்டு சொற்கள். நம் பகுதியில் யுரேனியமே இல்லை என்று சொல்ல வரவில்லை. சாமல்பட்டியிலும் ஒகேனக்கல்லிலும் கார்பனடைட் என்னும் அரிய வகைப் பாறைகள் உள்ளன. பக்கத்து மாவட்டமான திருப்பத்தூரின் சேவத்தூரில் யுரேனியம் கலந்த பைரோகுளோர் கனிமமே உண்டு. ஆனால் ஸ்லாப்பாக அறுபடும் கல் இவற்றிலிருந்து வேறு. அதில் கதிரியக்கம் ஃபெல்ஸ்பாரிலும், ஜிர்கான், மோனசைட், அல்லனைட் போன்ற நுண்மணிகளிலும் ஒதுங்கியிருக்கும். அதனால் ஒரே பிளாக்கில் இளஞ்சிவப்பு வரியில் எடுத்த துண்டும் கருமையான வரியில் எடுத்த துண்டும் வெவ்வேறு எண்களைத் தரும். ஒரு துண்டைக் கொடுத்துவிட்டுக் குவாரி முழுவதற்கும் அறிக்கை வாங்கியதாக எண்ண வேண்டாம். பல ஸ்லாப்புகளில் இருந்து விழும் ஓரச் சீவல்களைச் சேர்த்துப் பொடித்துக் கலந்து கொடுங்கள்.

சோடியம் அயோடைடைக் குறைத்துப் பேசவும் தேவையில்லை. களத்தில் நாங்கள் குறைந்த ஆற்றல் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. பொட்டாசியத்துக்கு 1,370 முதல் 1,570, யுரேனியத்துக்கு 1,660 முதல் 1,860, தோரியத்துக்கு 2,410 முதல் 2,810 கேஈவி என்று மூன்று சாளரங்களை வைத்து எண்ணி, மேலே உள்ள சாளரத்தில் இருந்து கீழே வழியும் சிதறலைக் கழித்துக்கொண்டு வருவோம். விமானத்தில் இருந்து நிலத்தை அளப்பவர்களும் இதே சாளரங்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். முறை தெரிந்தவர் கையில் அதே மலிவான படிகம் நம்பத்தகுந்த விடை தரும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் மட்டும், சூடு ஏற ஏற ஒளிப்பெருக்கியின் அளவு நழுவி, 1,461-இல் நிற்க வேண்டிய பொட்டாசிய முகடு வேறிடத்தில் போய் நிற்கும். நாங்கள் பாக்கெட்டில் பொட்டாஷ் உரம் கொஞ்சமும், பழைய காஸ் விளக்கின் தோரியம் தோய்ந்த மேன்டில் ஒன்றும் வைத்திருப்போம். அவ்வப்போது இவற்றைக் காட்டி 1,461-ஐயும் 2,614-ஐயும் சரிபார்த்துக்கொள்வது வழக்கம்.

இன்னொன்று: காமாவால் "யுரேனியம்" என்று சொல்லும்போது பெரும்பாலும் நாம் அளப்பது ரேடியத்துக்குப் பின் வரும் பிஸ்மத்தையே. ஆக்சிஜன் பட்ட யுரேனியம் நிலத்தடி நீரில் கரைந்து போய்விடும், ரேடியம் பின்தங்கி நிற்கும். அதனால்தான் நாங்கள் "சமான யுரேனியம்" என்று எழுதுகிறோம். யுரேனியத்தையே நேராகப் பார்க்க வேண்டுமானால் புரோட்டாக்டினியம்-234எம் தரும் 1,001 கேஈவி கோட்டைத் தேட வேண்டும். அது நூறு சிதைவுக்கு ஒன்றுகூட வராத மெலிந்த கோடு. வெயிலிலும் மழையிலும் உளுத்துப்போகாத புதுக் கல்லில் இந்த வேறுபாடு பெரிதாக இராது, மேல்மண்ணில் இருக்கும்.

ஓசூர் வார்ப்படம்

கல்லில் இருந்து சற்று விலகினாலும் பொருளை விட்டு விலகவில்லை என்று நம்புகிறேன். ஓசூரில் வார்ப்படப் பட்டறை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். எங்களுக்குப் பழைய இரும்புதான் கவலை. 2010-இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் கோபால்ட்-60 உடைக்கப்பட்டு ஓர் உயிர் போனதற்குப் பிறகு, லாரி நுழையும்போதே அளந்து பார்ப்பது எங்களுக்குப் பழகிவிட்டது. கோபால்ட் உலையில் விழுந்தால் உருகிய இரும்போடு கலந்து வார்ப்பிலேயே தங்கிவிடும். சீசியம்-137 ஆவியாகிப் புகைத்தூசி வடிகட்டியில் போய்ச் சேரும். ஆகவே வார்ப்பை மட்டும் அளந்து திருப்தி அடைபவர் சீசியத்தைக் கோட்டைவிடுவார்.

கோபால்ட்டைக் கண்டுபிடிப்பது எளிது: 1,173, 1,332 என்று இரட்டையாக வரும், எண்ணிக்கை அதிகமானால் இரண்டும் சேர்ந்து 2,505-இலும் ஒரு சிறு முகடு தெரியும். எங்களை அலைக்கழிப்பது சீசியம். அதன் 662 கேஈவி கோட்டுக்கு அருகில் பிஸ்மத்-214-இன் 609 இருக்கிறது. கையடக்கச் சோடியம் அயோடைடு கருவிக்கு இரண்டும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டுதான் தெரியும். மழை பெய்து முடிந்த அரை மணியில் வாயிலில் எண்ணிக்கை ஏறும், கருவி "சீசியம்" என்று கத்தும். காற்றில் இருந்த ரேடானின் சேய்களை மழை அடித்துத் தரைக்குக் கொண்டுவந்ததே காரணம். ஓரிரு மணி நேரத்தில் தானாக அடங்கிவிடும். அப்படி அடங்குவதே அது சீசியம் இல்லை என்பதற்குச் சான்று, ஏனெனில் சீசியத்தின் அரை ஆயுள் 30 ஆண்டுகள். ஐயம் வந்தால் 1,764-இல் துணைக்கோடு இருக்கிறதா என்று பார்ப்பேன், இருந்தால் பிஸ்மத். கிரானைட் ஸ்லாப்பும் பொட்டாஷ் மூட்டையும் ஏற்றிய லாரிகள் துறைமுக வாயிலில் மணி அடிக்க வைப்பதும் புதிதல்ல. பர்கூர்க் கல் அண்ணா, உங்கள் சரக்குக்கும் அது நேரலாம். அறிக்கையின் நகலை ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புங்கள்.

பர்கூர்க் கல்

அனைவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி பல ஸ்லாப்புகளின் ஓரச் சீவல்களைக் கலந்து, ஜெர்மானியம் உணரி வைத்திருக்கும் வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். மூடி வைத்த நாள், எண்ணிய நாள், பின்னணி, பிழை வரம்பு எல்லாம் குறித்து இப்போது அறிக்கை வந்திருக்கிறது. இளஞ்சிவப்புக் கல்: ரேடியம்-226 கிலோவுக்கு 58 ± 4, தோரியம்-232 124 ± 6, பொட்டாசியம்-40 1,180 ± 40 பெக்கரல். கறுப்புக் கல்: முறையே 6, 8, 190. ஆனால் இளஞ்சிவப்புக் கல்லுக்கு ஓரிடத்தில் "ரேடியச் சமானம் 326, வரம்புக்குள்" என்றும், இன்னோர் இடத்தில் "செறிவுக் குறியீடு 1.21" என்றும் போட்டிருக்கிறார்கள். வாங்குபவர் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்கிறார். ஒரே கல் எப்படி ஒரு கணக்கில் தேறி, மற்றொன்றில் தோற்கிறது?

ஈயக்கோட்டை

இதுதான் அறிக்கை. உங்கள் கல்லில் பத்து லட்சத்தில் ஐந்து பங்குக்கும் சற்றுக் குறைவாக யுரேனியமும், முப்பது பங்கு தோரியமும், நூற்றுக்கு நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பொட்டாசியமும் இருக்கின்றன. கிரானைட்டுக்கு இது இயல்பு. யுரேனியத்தைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தினார்கள்; உங்கள் கல்லில் முன்னால் நிற்பதோ தோரியம், அதைப் பற்றி முதல் அறிக்கை வாயே திறக்கவில்லை.

இரண்டு கணக்குகளும் வெவ்வேறு அளவுகோல்கள். ரேடியச் சமானத்தில் தோரியத்தை 1.43-ஆலும் பொட்டாசியத்தை 0.077-ஆலும் பெருக்கி ரேடியத்தோடு கூட்டி, 370-க்குள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஐரோப்பியக் குறியீட்டில் ரேடியத்தை 300-ஆலும், தோரியத்தை 200-ஆலும், பொட்டாசியத்தை 3,000-ஆலும் வகுத்துக் கூட்டுகிறார்கள். பின்னது சற்றுக் கண்டிப்பானது. ஆனால் அந்த 1 என்ற எல்லை, சுவரும் கூரையும் முழுக்க அதே பொருளால் கட்டப்பட்டால், அதில் வாழ்பவருக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் கூடுதலாகச் சேரக்கூடும் என்ற கணிப்பின் மேல் வைக்கப்பட்டது. தரையிலும் மேசையிலும் மெல்லிய ஸ்லாப்பாகப் பதிக்கும் கல்லுக்கு, ஐரோப்பிய ஆணையம் 1999-இல் வெளியிட்ட 112-ஆம் எண் கதிர்ப்பாதுகாப்பு ஆவணம் அதே 1 மில்லிசீவர்ட்டுக்கு 6 வரை இடம் தருகிறது, 0.3 மில்லிசீவர்ட் என்ற கடுமையான அளவுக்கே 2 வரை போகலாம். உங்கள் 1.21 அதற்கும் கீழே. பின்னர் வந்த 2013-ஆம் ஆண்டு ஐரோப்பிய நெறிமுறையும் இந்தக் குறியீட்டைச் சல்லடையாகவே வைக்கிறது; ஒன்றைத் தாண்டினால் பொருளின் தடிமனையும் அடர்த்தியையும் பயன்பாட்டையும் கணக்கில் எடுத்து மேலும் ஆராய வேண்டும் என்பதே பொருள், தடை என்பதல்ல. ஸ்லாப்பின் தடிமனையும் அது எங்கே பதிக்கப்படும் என்பதையும் குறிப்பிட்டு வாங்குபவருக்கு எழுதுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. அறுக்கும்போது சேரும் ஸ்லரியை (கல்தூள் கலந்த சேற்றை) யாராவது செங்கல் சூளைக்கோ, பிளாக் கல் வார்ப்பவருக்கோ கொடுப்பதாக இருந்தால், அது ஸ்லாப்பாக அல்ல, சுவராக மாறுகிறது. அங்கே 1 என்ற எல்லை முழுமையாகப் பொருந்தும். அந்த ஸ்லரியைத் தனி மாதிரியாக அனுப்பி, செங்கல்லிலோ பிளாக் கல்லிலோ அது எத்தனை பங்கு சேர்க்கப்படுகிறது என்பதையும் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். மெஷினில் நிற்கும் பையன்களுக்கும் காமாவை விடச் சிலிக்காத் தூசிதான் ஆபத்து. தண்ணீர் விட்டு அறுக்கிறார்களா, முகக்கவசம் போடுகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.